சீமான் நோயாம்! சிதறாலுக்கு எப்படி வந்தது?

"மாரடைப்பா? அது மாளிகைக்காரருக்கு வருவது! நமக்கேன் வரப்போகிறது? நெய்யும் பாலும் கண்டோமா? பஞ்சணை மெத்தை கண்டோமா? உண்பது கஞ்சியும் கிழங்கும். உழைப்பது உதயத்திலிருந்து அந்தி வரை. நம் நெஞ்சு இரும்பு நெஞ்சு!"

இப்படிப் பேசாத பாட்டாளி உண்டா நாட்டில்? தேநீர்க் கடைப் பலகையிலே, பேருந்து நிறுத்தத்திலே, வேலை முடிந்து விறகுக் கட்டோடு திரும்பும் வழியிலே கேட்கலாம் இந்தப் பேச்சை. பேச்சிலே ஒரு பெருமிதமும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இல்லாதவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சொத்து உடல். அந்த உடலையாவது ஆண்டவனோ இயற்கையோ உறுதியாகக் கொடுத்தது என்று நம்புவதிலே ஓர் ஆறுதல்.

ஆறுதல் இருக்கட்டும், தோழர்களே! உண்மை இருக்கிறதா அதிலே? அதைத்தான் பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்திலே, மார்த்தாண்டத்திலிருந்து சில கல் தொலைவிலே இருக்கிறது சிதறால். அங்கே ஒரு குன்று. திருச்சாணத்து மலை என்பர். பாறையைக் குடைந்து, பார்சுவநாதரையும் தீர்த்தங்கரர்களையும் செதுக்கி வைத்தனர் சமணர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. அது 9 ஆம் நூற்றாண்டு. பின்னர் அதே இடம் பகவதி கோவிலாயிற்று. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பிலே இருக்கிறது. கல்லைக் காக்கக் காவல் போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. மலையடிவாரத்திலே வாழும் மனிதனுடைய நெஞ்சைக் காக்க யார் காவல்? அதுதான் இன்றைய கேள்வி.

மலையடிவாரத்து மனிதன் யார்? பொழுது புலருமுன்னே தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டப் போகிறவன். பனையேறியவன் மகன். லாரி ஓட்டுகிறவன். முந்திரி ஆலையிலே நாள் முழுவதும் குந்தியிருந்து பருப்பு உடைக்கும் தாய். வளைகுடா நாட்டு வெயிலிலே பத்தாண்டு வெந்து, வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு ஊர் திரும்பியவன். சீமான் அல்ல, சிங்காரத் தோட்டத்துச் செல்வன் அல்ல. ஆனாலும் இவர்களிலே ஒருவன், ஓர் இரவு, "நெஞ்சை அடைக்கிறதே" என்கிறான். "வாயு" என்கிறார்கள் வீட்டார். சுக்குக் கஷாயம் வருகிறது. நெஞ்சிலே தைலம் தடவுகிறார்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறார் பெரியவர். விடிகிறது, அவனுக்கு அல்ல.

எந்த ஊரிலே நடக்கவில்லை இது? எந்தத் தெருவிலே இல்லை இப்படி ஒரு வீடு?

கணக்கு காட்டும் கதை

உணர்ச்சி வேண்டாம், எண்ணிக்கை பேசட்டும் என்பாரும் உண்டு. பேசட்டும்!

1990 ஆம் ஆண்டிலே இந்தியாவில் நேர்ந்த மரணங்களில், இதய நோயும் இரத்தக்குழாய் நோயும் கொண்டுபோனது நூற்றுக்கு 15. 2016 ஆம் ஆண்டிலே நூற்றுக்கு 28. கால் நூற்றாண்டிலே ஏறத்தாழ இரண்டு மடங்கு! அந்நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தவர் தொகை 1990 இல் 2 கோடியே 57 இலட்சம்; 2016 இல் 5 கோடியே 45 இலட்சம். எந்த மாநிலங்களிலே இந்நோய் மிகுதி என்று பார்த்தார்கள். கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு என்று வந்தது விடை. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே இருக்கிறது குமரி மாவட்டம். இரு பக்கமும் நெருப்பு, நடுவிலே நம் வீடு!

"அது பட்டணத்துக் கணக்கு" என்பீர்கள். பக்கத்திலே இருக்கும் திருவனந்தபுரத்துக்குப் போவோம். அங்கே 2005 ஆம் ஆண்டிலே பக்கவாதக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. நகரத்தையும் சேர்த்தார்கள், நாட்டுப்புறத்தையும் சேர்த்தார்கள். ஓராண்டிலே ஓர் இலட்சம் பேருக்கு எத்தனை பேர் புதிதாகப் பக்கவாதத்தில் விழுகிறார்கள்? நகரத்திலே 135. நாட்டுப்புறத்திலே 138! தென்னங்காற்றும் கிணற்று நீரும் காப்பாற்றவில்லை. பட்டணத்து நோய் என்ற பேச்சுக்குப் பாடை கட்டியாயிற்று.

வயதையும் பாருங்கள். 52 நாடுகளிலே நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று, முதல் மாரடைப்பு எந்த வயதிலே வருகிறது என்று கணக்கிட்டது. தெற்காசியருக்குச் சராசரி 53. பிற நாட்டாருக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்திக்கொண்டு வருகிறது நமக்கு! அந்த ஆறு ஆண்டு என்ன ஆண்டுகள்? மகளுக்கு மணம் முடிக்க வேண்டிய ஆண்டுகள். மகன் படிப்பு முடிய வேண்டிய ஆண்டுகள். வாங்கிய கடன் தீர வேண்டிய ஆண்டுகள். நோய் மனிதனை மட்டுமா எடுத்துப் போகிறது? குடும்பத்தின் நடுத்தூணை உருவிக்கொண்டு போகிறது!

மேல்தட்டா, கீழ்த்தட்டா?

சீமான் நோய் என்று சொன்னார்களே, அதை நேரடியாகவே சோதித்தது இலண்டன் மாநகரம். ஆட்சி நடத்தும் அலுவலகங்கள் இருக்கும் தெருவுக்கு ஒயிட்ஹால் என்று பெயர். அங்கே பணியாற்றிய பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்தனர். உச்சியிலே ஆணையிடும் அதிகாரி. அடியிலே கதவு திறக்கும் காவலாள், காகிதம் சுமக்கும் ஏவலாள். மாரடைப்பால் மிகுதியாக மாண்டவர் யார்? மேசைக்குப் பின்னே அமர்ந்திருந்த மேலதிகாரியா? இல்லை! கடைநிலை ஊழியரே. மேல்தட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல்!

வறுமை நெஞ்சைக் காக்கவில்லை, தோழர்களே. வறுமை நெஞ்சைக் குறிவைக்கிறது. புகையிலை அங்கே மிகுதி. இரத்த அழுத்தம் அங்கே மிகுதி. அவற்றையெல்லாம் கழித்துக் கணக்கிட்ட பிறகும் வேறுபாடு முழுதும் மறையவில்லை. ஏவப்படுகிறவன் நெஞ்சுக்கும் ஏவுகிறவன் நெஞ்சுக்கும் இடையே, மருந்துச் சீட்டிலே எழுத முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

இலண்டன் கதை இருக்கட்டும், இந்தியக் கதையைக் கேளுங்கள். மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஓர் ஆய்வு, 2008 இல் வெளியாயிற்று. நோய் ஒன்றே. உடலும் ஒன்றே. ஆனால் முப்பது நாளுக்குள் இறந்தவர், செல்வரில் நூற்றுக்கு 5.5, ஏழையரில் 8.2. ஏன்? ஏழை இரத்தம் வேறு நிறமா? இல்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து அவனுக்குக் குறைவாகக் கிடைத்தது. கொழுப்பைக் குறைக்கும் மருந்து குறைவாகக் கிடைத்தது. குழாயைத் திறக்கும் சிகிச்சை குறைவாகக் கிடைத்தது. மருத்துவ வேறுபாட்டைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டபோது மரண வேறுபாடும் மறைந்துபோயிற்று! அதாவது, இருவருக்கும் ஒரே மருத்துவம் என்றால், ஏழையும் செல்வனும் ஒன்றாகவே பிழைக்கிறார்கள். இதைவிடத் தெளிவான சமத்துவப் பாடம் எந்த மேடையிலே கேட்டோம்?

நெஞ்சுக்குள்ளே நடப்பது என்ன?

நம் கைமுட்டி அளவுதான் இதயம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு இல்லை, பொங்கலுக்கு ஓய்வு இல்லை, கூலி உயர்வு கேட்பதும் இல்லை. உடம்புக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் அந்த உழைப்பாளிக்கும் சோறு வேண்டுமல்லவா? அதற்கென்று இதயத்தின் மேலேயே மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. ஆண்டுக்கணக்கிலே அக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிகிறது, வாய்க்காலிலே வண்டல் படிவதுபோல. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, மேலே இரத்தம் உறைகிறது. வாய்க்கால் அடைபடுகிறது. தண்ணீர் போகாத வயல் என்ன ஆகும்? அதுவே மாரடைப்பு.

அதே அடைப்பு மூளைக்குப் போகும் குழாயிலே நேர்ந்தால் பக்கவாதம். அழுத்தம் தாளாமல் மூளைக்குள்ளே குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் பக்கவாதம். பேய் அறைந்ததும் இல்லை; செய்வினையும் இல்லை; போன பிறவியின் பாவமும் இல்லை.

அழுத்தம் என்றேன். அதன் வலிமையை அமெரிக்க நாட்டு அதிபர் ஒருவர் உயிர் கொடுத்து உலகுக்குக் காட்டினார். பிராங்ளின் ரூசவெல்ட்! உலகப் போரையே நடத்தியவர். 1944 இல் அவரைச் சோதித்த இதய மருத்துவர், அழுத்தம் மிகுந்து இதயம் தளர்ந்திருப்பதைக் கண்டார். அன்று அதை அடக்க நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, "தலை வலிக்கிறது" என்றார், சாய்ந்தார். மூளையிலே இரத்தக் கசிவு. அப்போது அளந்த அழுத்தம் 300 க்கு 190. வயது 63. ஆட்சிக்கட்டிலும் காக்கவில்லை, அணிவகுத்த படையும் காக்கவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1948 இல், அந்நாட்டிலே பிராமிங்காம் என்ற சிற்றூரிலே 5,209 ஆண் பெண்களைத் திரட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, எழுதி, காத்திருந்து பார்த்தனர். யாருக்கு நோய் வருகிறது? முன்கூட்டியே என்ன அடையாளம்? உயர்ந்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகை என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. விதி என்று விட்டுவிடாமல், ஏன் என்று கேட்டதால் கிடைத்த விடை அது.

இன்னொரு பெயர், நமக்குப் பக்கத்துப் பெயர்! கொல்லம் மாவட்டத்துக் கொட்டாரக்கரையிலே பிறந்தவர் சலீம் யூசுப். கனடாவிலே மருத்துவப் பேராசிரியர். முன்பு சொன்ன 52 நாட்டு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. 2004 இல் வெளிவந்த அதன் முடிவு என்ன? ஒன்பது காரணங்களை அளந்தால் போதும்; உலகத்து மாரடைப்புகளிலே நூற்றுக்குத் தொண்ணூறை விளக்கிவிடலாம். புகை, கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பெருத்த இடுப்பு, ஓயாத மனக்கவலை, காய்கனி குறைந்த உணவு, உடலசைவு குறைந்த வாழ்வு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றிலே எது தலையெழுத்து? ஒன்றைக் காட்டுங்கள்! நெற்றியிலே எழுதியது எதுவும் இல்லை. பெரும்பாலும் சட்டைப்பையிலும் சோற்றுத்தட்டிலும் இருப்பவையே.

பீடி, உப்பு, இனிப்பு

"சிகரெட் கெடுதல், பீடி மென்மை" என்ற நம்பிக்கை ஒன்று உலவுகிறது. இலையிலே சுற்றியதால் இயற்கை மருந்தாகிவிடுமா? அதே ஆராய்ச்சி அளந்து சொல்லிற்று: பீடி பிடிப்பவனுக்கு மாரடைப்பு ஆபத்து, பிடிக்காதவனைப் போல மூன்று மடங்கை நெருங்குகிறது, சிகரெட்டுக்கும் அதுவே கணக்கு. வாயிலே புகையிலை அடக்குபவனுக்கு இரண்டு மடங்குக்கு மேல். இரண்டையும் செய்பவனுக்கு நான்கு மடங்கு. ஒரு கட்டு பீடியின் விலை என்ன என்று கடைக்காரனைக் கேட்காதீர்கள், தோழர்களே, கைம்பெண்ணைக் கேளுங்கள்.

அடுத்தது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவே. இந்தியன் உண்பதோ அதைவிட வெகு அதிகம். இரு மடங்கை நெருங்கும் அளவுகளும் கண்டிருக்கிறார்கள். நம் தட்டைப் பாருங்கள். கஞ்சியிலே உப்பு. தொட்டுக்கொள்ள ஊறுகாய், அதிலே உப்பு. அப்பளத்திலே உப்பு. கருவாடோ உப்பிலே பிறந்து உப்பிலே வளர்ந்தது! வியர்வை சிந்துபவனுக்கு உப்பு வேண்டாமா என்பீர்கள். வேண்டும், வேண்டிய அளவு சோற்றிலும் குழம்பிலும் வந்துவிடுகிறது. அதற்கு மேலே போவது அழுத்தத்துக்குப் போடும் உரம். மாலையிலே அருந்தும் மதுவும் அதே அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறது.

அடுத்தது இனிப்பு நீர். மரச்சீனிக் கிழங்கும் மலைபோல் சோறும் உண்டு, மரம் ஏறி மண் வெட்டிய காலம் ஒன்று. இன்று உணவு அப்படியே இருக்கிறது. உழைப்பு இருந்த இடத்திலே இருசக்கர வண்டி வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலே வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கும், கேரளத்திலே 25 பேருக்கும் சர்க்கரை நோய் என்று 2023 இல் வெளியான நாடுதழுவிய ஆய்வு சொல்லிற்று. சர்க்கரை நோய் மாரடைப்புக்கு அண்ணன். அதிலும் வஞ்சகன்! வலி தெரியாமலே நெஞ்சை நிறுத்திவிடும்.

"நாள் முழுதும் உழைக்கிறேனே, அது போதாதா?" என்று கேட்கும் தோழருக்கு இலண்டன் பேருந்துக் கதை சொல்வேன். 1953 இல் செரி மாரிஸ் என்ற மருத்துவர் வெளியிட்டது. ஒரே பேருந்து, ஒரே ஊதிய வர்க்கம். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் மாடிப் பேருந்திலே நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். மாரடைப்பு எவருக்கு மிகுதி? உட்கார்ந்திருந்தவருக்கு! ஆகவே உழைப்பு காக்கிறது என்பது மெய். ஆனால் முழுக்காவல் அல்ல. ஒரு கையால் கட்டிய சுவரை மறுகையிலுள்ள பீடி இடித்துக்கொண்டிருந்தால் வீடு எப்படி நிற்கும்? தையல் பொறிக்கு முன்னும், வண்டிச் சக்கரத்துக்குப் பின்னும் அமர்ந்தே பிழைக்கும் தோழருக்கோ அந்தச் சுவரும் இல்லை. நாள்தோறும் அரைமணி விரைந்து நடப்பது அவருக்குக் கேளிக்கை அல்ல, காவல்.

நூற்றுக்கு ஏழு!

2020 இல் தமிழ்நாட்டிலே ஒரு கணக்கெடுப்பு. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் மூவருக்கு ஒருவருக்கு இரத்த அழுத்தம். சரி, அவர்களிலே எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தது? நூற்றுக்கு ஐம்பதா? முப்பதா? இல்லை, தோழர்களே. ஏழு! நூறு பேர் நெருப்பின் மேல் நிற்க, 93 பேர் அதை அறியவில்லை, அல்லது அணைக்கவில்லை.

ஏன்? அழுத்தம் வலிக்காது. பல் வலித்தால் ஓடுகிறோம், கால் இடறினால் கட்டுகிறோம். அழுத்தமோ ஓசையின்றிக் கன்னம் வைக்கும் கள்வன். அளந்தால்தான் தெரியும். 140 க்கு 90 என்ற எல்லையை எட்டினாலோ தாண்டினாலோ மருத்துவரைக் காண வேண்டும். அளக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரிசையிலே நிற்க வேண்டும் என்றால் பால் வெட்டுபவன் நிற்பானா? அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. அளவுகோல் அவனைத் தேடிப் போக வேண்டும்.

அந்த எண்ணத்திலே பிறந்ததுதான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே தொடங்கிற்று. பெண் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கு வந்தனர், அளந்தனர், மாத்திரை கொடுத்தனர். 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அடுத்த கணக்கெடுப்பிலே, நூற்றுக்கு 7 ஆக இருந்த கட்டுப்பாடு ஏறத்தாழ 17 ஆயிற்று. வளர்ச்சிதான், வாழ்த்துவோம். ஆனால் மீதி 83? அங்கே கைதட்டலை நிறுத்தி, கைகொடுக்கத் தொடங்க வேண்டும்.

ஏனெனில் மாத்திரை வீடு வந்தும் வாய்க்குப் போகாத கதை உண்டு. "அளந்தார்கள், சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்" என்கிறார் பெரியவர். சரியாகவில்லை, ஐயா, மாத்திரை சரியாக வைத்திருக்கிறது! குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லை என்று நடுமழையிலே குடையை மடக்குவீர்களா? "ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாதாமே" என்று அஞ்சுவோருக்கும் ஒரு சொல்: சோறும் அப்படித்தான், யாரும் அதற்கு அஞ்சியதில்லை.

மணி பார்க்கும் வேளை

மாரடைப்பு வந்துவிட்டது. என்ன அடையாளம்? நடுநெஞ்சிலே பாறாங்கல் வைத்ததுபோல் இறுக்கம். அது இடக்கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவலாம். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிக்கும் வலியே இல்லாமல், வெறும் திணறலும் களைப்புமாக வரலாம். "வாயுவா, மாரடைப்பா?" என்று வீட்டிலே பட்டிமன்றம் வேண்டாம்! தீர்ப்புச் சொல்ல ஈ.சி.ஜி. இருக்கிறது. நடக்காதே, வண்டி ஓட்டாதே. உட்கார், 108 ஐக் கூப்பிடு.

முன்பு சொன்ன 2008 ஆய்விலே, வலி தொடங்கி மருத்துவமனை சேர எடுத்த நேரத்தின் நடு அளவு ஆறு மணி! ஆறு மணி நேரம் தண்ணீர் போகாத வயலை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே ஒரு திட்டம் சோதித்தார்கள்: சிறு மருத்துவமனையிலே உடனே ஈ.சி.ஜி., உடனே கட்டி கரைக்கும் மருந்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் என்று கோத்துக் கட்டினார்கள். 2017 இல் முடிவு வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6 இலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். புதிய மருந்து கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை நேரத்திலே சேர்த்தார்கள், அவ்வளவே! 2023 இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டமும் அதே வழி: ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் முதல் மாத்திரைகள் தயார். அங்கிருந்து ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போகும் வழியிலே அந்த மாத்திரை உயிரைத் தாங்கும்.

பக்கவாதத்துக்கு அடையாளம் மூன்று. சிரிக்கச் சொல், வாய் கோணுகிறதா? இரு கையையும் தூக்கச் சொல், ஒன்று விழுகிறதா? பேசச் சொல், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் புறப்படு! எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்று குறித்துக்கொள். மருத்துவர் முதலிலே கேட்பது அதைத்தான். கட்டி கரைக்கும் ஊசிக்கு எல்லை நாலரை மணி நேரம். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகே ஊசி. ஆகையால் ஸ்கேன் உள்ள இடத்துக்கே போ. வீட்டிலே மாத்திரை கொடுக்காதே, வாயிலே தண்ணீர் ஊற்றாதே. புறா இரத்தம் தடவுவதும் மந்திரித்துக் கயிறு கட்டுவதும் மூளையை எட்டா. ஒவ்வொரு நிமிடமும் 19 இலட்சம் மூளை உயிரணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கயிறு முறுக்க நேரமில்லை, தோழர்களே!

ஒரு மாவட்டம் எழுந்தது

"ஏழை என்ன செய்ய முடியும்?" என்ற சலிப்புக்கு விடை பின்லாந்திலே இருக்கிறது. வட கரேலியா என்று ஒரு மாவட்டம். குமரியைப் போலவே எல்லையோரம். காடு வெட்டுவோரும் கறவை வளர்ப்போரும் வாழ்ந்த எளிய ஊர்கள். ஆண்கள் நடுவயதிலே பொத்துப் பொத்தென்று விழுந்தனர். மக்கள் என்ன செய்தனர்? 1971 இல் அரசுக்கு மனு எழுதினர்: "எங்கள் கணவரும் மக்களும் சாகிறார்கள், வழி செய்க!" 1972 இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையிலே திட்டம் பிறந்தது. வீடுதோறும் பெண்கள் சங்கம் போயிற்று. வெண்ணெயைக் குறைத்தனர், உப்பைக் குறைத்தனர், புகையை விட்டனர், அழுத்தத்தை அளந்தனர். நாற்பது ஆண்டுக்குள், உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைந்தது!

மருத்துவர் மட்டும் செய்ததல்ல அது. மனு எழுதிய கை செய்தது. கதவு தட்டிய கை செய்தது. மனு எழுதுவதும் கதவு தட்டுவதும் நமக்குத் தெரியாத கலையா?

நம் படிப்பகங்களிலே ஏடு இருக்கிறது, கேரம் பலகை இருக்கிறது. ஓர் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் என்ன? வாரத்திலே ஒரு மாலை, பழகிய செவிலியரோ தன்னார்வலரோ அளக்க, முப்பது வயது கடந்த ஒவ்வொருவர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டிலே ஏறட்டும். மாத்திரையை நிறுத்தியவர் வீட்டுக்கு ஒரு தோழர் போகட்டும். மேடைக்கு வருபவருக்குத் துண்டு போர்த்தும் காசிலே சிறு பங்கு போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலே மருந்து தீர்ந்ததா, ஈ.சி.ஜி. ஓடுகிறதா, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்திலே வருகிறது என்று கேட்பதும் கிளையின் வேலையே. எந்த ஆட்சி இருந்தாலும் கேட்க வேண்டும். நம் ஆட்சி என்றால் முதலிலே கேட்க வேண்டும். உப்பைக் குறை என்று பாட்டாளிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு ஒதுங்குவது அறமாகாது. சோதனைக்குப் போகும் நாளிலே கூலி பிடிக்காதே என்று முதலாளியிடமும் பேச வேண்டும்.

சமண அறத்திலே நால்வகைத் தானம் சொல்வர். அன்னம், அடைக்கலம், கல்வி, மருந்து. சிதறால் குன்றிலே தங்கிய துறவிகளுக்கு மருந்து தானமாக இருந்தது. இன்று அது தானம் அல்ல, உரிமை. வரி கொடுக்கும் கை, வாக்களிக்கும் கை கேட்டு வாங்கும் உரிமை!

1954 ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று எழுந்தவர் மார்பிலே குண்டு பாய்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்காகக் காட்டிய மார்பு அது! அந்த மார்பின் பேரனும் பேத்தியும், பீடிப் புகைக்கும் உப்புக்கும் அளக்காத அழுத்தத்துக்கும் மார்பைக் காட்டி மாள்வதா?

நாளையே தொடங்குங்கள். முதலில் அளக்க வேண்டிய கை, இந்த ஏட்டைப் பிடித்திருக்கும் கை!